மற்றவை என்ற கட்டம்

பகாவ் டவுனில் டயர் கடைக்கு மேலே அறை.
ஐந்தே காலுக்கு மோட்டார் சைக்கிள், ஆறுக்குப் பெரட்டு.
கையில் அட்டை, அட்டையில் தாள், தாளில் கட்டங்கள்:
முகமூடி. கையுறை. பூட்ஸ். மற்றவை.
பதினைந்து விநாடி பார்.
பதினைந்து விநாடி எழுது.
பல்கலைக்கழகத்தில் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்:
சுவராக இரு.

செம்பனை நிரையில் சுவர் ஏது?
மரம்கூட இங்கே
எண் எழுதப்பட்டு நிற்கிறது.

மலாய்ப் படிவத்தில் பெமெர்ஹாத்தியான் என்றிருந்தது.
உள்ளே ஒரு ஹாத்தி;
அவர்களுக்கு அது ஈரல், மனசும் அதுதான்.
தமிழில் நான்தான் எழுதினேன்,
ஒப்புதல் தாளின் தலையில், கொட்டை எழுத்தில்:
கண்காணிப்பு.

மருந்துப் பம்பை முதுகிலிருந்து இறக்காமலே
ராசாம்பாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
"அப்ப நீ கங்காணியா?"
யாரும் சிரிக்கவில்லை.

அன்றிரவு அந்தச் சொல்லை அடித்தேன்.
இந்த மண்ணில் அது
தடியோடு நடந்த சொல்.
பேர் கூப்பிட்டு, தலை எண்ணி,
பிந்தி வந்தவளின் அரை நாளை வெட்டிய சொல்.
அதன்மேல் எழுதினேன்: உற்றுநோக்கல்.

உற்று.
உற்றார் என்றால் சொந்தம்.
நோயுற்று என்றால் அது வந்து மேலே விழுந்தது.
எந்த உற்று என் தாளில் இருப்பது?
அகராதியை மூடிவிட்டுப் படுத்தேன்.
கீழே யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் நூற்றுக்கு நூறு.
எல்லா முகத்திலும் மடிப்புக் கலையாத வெள்ளை.
மண்டோர் ஏழுமலை எனக்குக் கட்டைவிரல் உயர்த்தினார்.
மூன்றாம் நாள் எழுபது.
ஆறாம் நாள் ஐம்பது,
பிறகு ஐம்பதிலேயே நின்றது.
என்னை மறந்துவிட்டார்கள் என்று குறித்தேன்,
இனி தெரிவது நிஜம்.
தனியாக நின்று குறித்த தமயந்தியின் தாளும் என் தாளும்
ஒத்துப்போன அளவு
சைபர் புள்ளி எட்டு ஒன்று.
நல்ல எண்.

பதினோராம் நாள்
ராசாம்பாள் காதோரம் ஒரு பச்சை நூல் கண்டேன்.
அறுந்த வாரை முடிச்சுப் போட்ட நூல்.
பத்து மரம் தாண்டி
அதே பச்சை முடிச்சு
சுமியாத்தியின் காதில்.

ஒரு முகமூடி.
நிரை முடியும் இடத்தில் கை மாறுகிறது.
புல்லுக்கு அடிக்கும் விஷத்துக்கு இங்கே மருந்து என்று பேர்;
அது யார் பக்கம் பறக்கிறதோ
அவளுக்கு.

என் தாளில்:
ராசாம்பாள் ஆம், சுமியாத்தி இல்லை.
ராசாம்பாள் இல்லை, சுமியாத்தி ஆம்.
ஐம்பது விழுக்காடு.
ஒரு குறிகூடத் தப்பில்லை.
தமயந்தியும் இதையேதான் பார்த்திருந்தாள்.

பசியாறும் நேரத்தில்
மீ கோரெங் பொட்டலத்தைப் பிரித்தபடி ராசாம்பாள் சொன்னாள்:
"நாங்களும்தான் உன்னப் பாக்குறோம்.
போத்தல்ல தண்ணி கொண்டார்ற, தொறக்கவே மாட்டேங்குற.
இங்க கக்கூஸ் இல்லேன்னு
ரெண்டாம் நாளே கண்டுபுடிச்சிட்ட.
அத எழுதுனியா?"

இல்லை.
கட்டம் இல்லை.

மற்றவை இருந்தது,
கட்டைவிரல் நகம் அகலத்துக்கு.
அதில் காற்று என்று எழுதினேன்.
இரவு கணினியில் ஏற்றும்போது
அது ஒன்றா சைபரா என்று கேட்டது.

மறுநாள் எட்டரைக்கு
ஓடைப் பக்கமிருந்து திரும்பி அடித்தது.
ஓலைகள் எல்லாம் என்னை நோக்கிச் சாய்ந்தன.
ராசாம்பாள் பம்பின் பிடியை விட்டாள்,
பச்சை முடிச்சை அவிழ்க்காமல் காதிலிருந்து கழற்றி
என் பக்கம் நீட்டினாள்.
"காத்து ஒன் மேல வருது."

பதினைந்து விநாடி.
பார்க்கவில்லை, எழுதவில்லை.
துணி உள்பக்கம் ஈரமாக இருந்தது,
இரண்டு பேர் மூச்சில்.